மூன்று சிறகுக் காற்றாலை

ரோஜாச் செடிகளுக்கு நடுவே சென்னப்பன் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

தேன்கனிக்கோட்டைச் சாலையிலிருந்த அந்தப் பசுமைக் குடிலின் மேற்பார்வையாளன் அவன். அடையாள அட்டையைப் படித்த இன்ஸ்பெக்டர் ஜோதிமணி முகம் சுளித்தார்.

சென்னப்பன் வான் ஹோகவுட்.

“என்னய்யா பேரு இது?”

“டச்சுப் பேருங்க மேடம்,” என்றார் ஏட்டு முனிராஜ். “முப்பாட்டன் வெள்ளக்காரன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான்.”

“எந்த வெள்ளக்காரன்யா பேரனுக்குச் சென்னப்பன்னு வைப்பான்?”

முந்தின நாள் கணவனோடு சண்டையிட்ட குற்றத்துக்காக மனைவி மாதேஸ்வரி கைதானாள். ஜோதிமணிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து பிரகாஷ் வந்தான்.

“நானும் வான் ஹோகவுட்தான் மேடம். அவருக்குப் பங்காளி. உயர்ந்த காடுன்னு அர்த்தம். ஜவளகிரிக் காட்டையே ஆண்ட குடும்பம்.”

“அத இன்னிக்கும் யானதான தம்பி ஆளுது?” என்றார் முனிராஜ்.

பிரகாஷ் விரலை நீட்டினான். வெள்ளி மோதிரத்தில் ஒரு காற்றாலை.

“குடும்ப முத்திரை. அஞ்சு தலைமுறையா வருது.”

“சென்னப்பனப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம். பேப்பர்ல பேரப் பாத்துதான் வந்தேன். ஓசூர்ப் பக்கமே கால் வெச்சதில்ல. அவருக்குப் புள்ள இல்ல… பொண்டாட்டியே கொலகாரின்னு ஆயிட்டா, அவரோட ரெண்டு ஏக்கரும் பங்காளிக்குத்தான?”

ஜோதிமணி தேவாலயங்களுக்குப் பேசினார். ஆவணக் காப்பகத்துக்குப் பேசினார். பழைய கல்லறைகளிலும் ஆள் விட்டுத் தேடினார்.

அப்படியொரு குடும்பம் எங்கும் இல்லை.

அலுத்துப்போய் மாதேஸ்வரியிடமே கேட்டார்.

“உன் புருஷனுக்கு இந்தப் பேரு எப்படிம்மா வந்துச்சு?”

“ரோஜா ட்ரைனிங்குக்கு ஹாலந்து அனுப்புனாங்க மேடம். குடும்பப் பேரு வேணும்னாங்க. நமக்கேது அதெல்லாம்? குடில் கட்டுன டச்சுக் கம்பெனியோட பேரு தூண்ல இருந்துச்சு, அதயே பாஸ்போர்ட்ல போட்டுட்டாரு. அப்புறம் அவரே அத நம்ப ஆரம்பிச்சுட்டாரு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“கொன்னியா, கொன்னியான்னுதான மேடம் கேட்டீங்க? பேரப் பத்தி யாரு கேட்டா?”

ஜோதிமணி ஜீப்பில் ஏறிப் பசுமைக் குடிலுக்குப் போனார்.

சென்னப்பன் விழுந்து கிடந்த இடத்துக்கருகே இரும்புத் தூண். அதில் அந்தப் பெயர். கீழே காற்றாலை. அதற்கு மூன்றே சிறகுகள். மற்ற தூண்களில் எல்லாம் நான்கு.

“போன மாசம் டிராலி இடிச்சு ஒண்ணு ஒடஞ்சுதுங்க,” என்றாள் காவலுக்கு இருந்த பாப்பம்மா.

புலியின் காலடியை அச்செடுத்து மிரட்டித் திரிந்ததாம் ஒரு நரி. புலியின் பாதத்தில் தைத்திருந்த முள்ளும் அச்சில் விழுந்திருந்ததை அது கவனிக்கவில்லை.

ஸ்டேஷனில் ஜோதிமணி பிரகாஷிடம் கைநீட்டினார்.

“மோதிரத்தக் கழட்டுங்க.”

எண்ணினார். மூன்று சிறகுகள்.

“போன மாசம் டிராலி இடிச்சு ஒரு சிறகு ஒடையும்னு, அஞ்சு தலைமுறைக்கு முன்னாடியே உங்க முப்பாட்டனுக்குத் தெரிஞ்சிருக்கு…”

பிரகாஷ் வாசலுக்குப் பாய்ந்தான். முனிராஜின் கால் முந்திக்கொண்டது.

தரையில் கிடந்தபடியே அவன் ஒப்புக்கொண்டான். நிலத் தரகன். சென்னப்பன் நிலத்தைத் தர மறுத்தான். ‘எங்க குடும்ப முத்திரை, பாரு’ என்று அந்தத் தூணைக் காட்டிப் பெருமை பேசித் திரும்பியபோது, பின்னாலிருந்து கம்பி இறங்கியது. அந்தத் தூணைப் பார்த்துத்தான் மோதிரமும் செய்யச் சொன்னான்.

மாதேஸ்வரி வெளியே வந்தாள். முனிராஜ் பேனாவை எடுத்தார்.

“பேரு?”

“பிரகாஷ்.”

“குடும்பப் பேரு?”

அவன் மோதிரம் இருந்த விரலைத் தடவினான்.

“பரவால்ல தம்பி. சேலம் ஜெயில்ல நம்பர் குடுப்பாங்க. அதுக்குப் பங்காளி வரமாட்டான்.”