அண்ணன் பேரில் தம்பி ரத்தம்

டில்லிபாபுவின் உயிர் நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். பேரம் பேசி நாலு அறுபதுக்கு முடித்தார். புது வால்வு, நெஞ்சைப் பிளந்து பொருத்தும் கூலி, கட்டில் வாடகை, இட்லி, கஞ்சி எல்லாம் அதில் அடக்கம். பில் போடும் பெண்ணிடம் "இன்னாம்மா, இதயத்துக்கு ஆடித் தள்ளுபடி கெடையாதா" என்று கேட்டு அவளைச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இருபதாயிரத்தைக் கழற்றிக்கொண்டார். பக்கத்தில் தம்பி பாலு பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய வேலை எப்போதும் அதுதான்.

அந்த வால்வு சத்தம் போடும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது மூடிக்கொள்ளும்போது சின்னதாக ஒரு 'டிக்'. அசோக் நகர் வீட்டில் டிவியை அணைத்து, மின்விசிறியையும் குறைத்துவிட்டால், கூடத்தில் யாரோ நகத்தால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக்கொண்டிருப்பதுபோலக் கேட்கும். அண்ணி விசாலாக்ஷி முதல் வாரம் தூக்கமில்லாமல் கிடந்தாள். பிறகு அது கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாள்.

ஆகவே பாலுவுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. ஆனால் ஒரு நாள் மதியம் அவன் ரங்கநாதன் தெருவில், கடையின் மாடியில், சரக்கு அறையில் தனியாக இருந்தான். கீழே தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சல் தரை வழியாக ஏறிவந்தது. கஞ்சி போட்ட பருத்தியின் வாசனை, மழையில் ஊறிய சுவரின் வாசனை, இரண்டுக்கும் நடுவே அவன் ஜாக்கெட் பீஸ்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். அரக்குச் சிவப்புக்கும் மாதுளைச் சிவப்புக்கும் நடுவே கை நின்றது.

டிக்.

அண்ணன் அப்போது அசோக் நகரில் இருந்தார்.

பாலு கடிகாரத்தைத் தேடினான். அந்த அறையில் கடிகாரமே கிடையாது. வேலைக்காரர்கள் நேரம் பார்ப்பார்கள் என்று அண்ணன் மாட்டவிட்டதில்லை.

அவர்களுடையது மேட்சிங் சென்டர். புடவையோடு வரும் பெண்களுக்கு அதே நிறத்தில் ஜாக்கெட் துணி தேடித் தருகிற கடை. இந்தத் தொழிலில் அண்ணன் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று: டியூப் லைட்டின் கீழே எல்லா நிறமும் எல்லா நிறத்தோடும் சேர்ந்துவிடும், அதனால் வாடிக்கையாளரைத் துணியோடு வாசல் வெளிச்சத்துக்குப் போகவிடாதே. அந்த வித்தையை அவர் தன் ரத்தத்துக்கும் செய்திருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் பாலுவுக்கு நெற்றிப்பொட்டு கொதித்தது.

சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தச் சோதனை. உடம்புக்குள் எங்காவது புகைந்துகொண்டிருந்தால் அந்த எண் ஏறும். நெஞ்சைத் திறந்த எவனுக்கும் முதலில் எகிறும், பிறகு படிப்படியாக இறங்க வேண்டும். அண்ணனுக்கு ஒன்பது வரை இறங்கி, திரும்ப நாற்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. இறங்கியது ஏறினால் வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். இன்னொரு தடவை ரத்தம் எடுங்கள், அப்போதும் ஏறியிருந்தால் படுக்கவைத்து ஆறு வாரம் நரம்பில் மருந்து. கூடவே ஒன்று சொன்னார்: வால்வின் சத்தம் எப்போதாவது மங்கினாலோ, நகத்துக்கடியில் சிவப்புக் கோடு தெரிந்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேராக வந்துவிட வேண்டும்.

ஆறு வாரத்தில் தீபாவளி போய்விடும். அண்ணன் தம்பியைக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்கு விழ வேண்டிய பிரம்படியைப் பாலு வாங்கியிருக்கிறான். அண்ணன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவனுடையது. அண்ணன் இடித்த ஸ்கூட்டருக்குக் காவல் நிலையத்தில் உட்கார்ந்ததும் அவனே. கடையில் பாதி உனக்கு, இந்தத் தீபாவளி போகட்டும் என்ற வார்த்தையை எத்தனை தீபாவளிக்குக் கேட்டான் என்று அவனுக்கே மறந்துவிட்டது. இந்த முறையும் அதே வார்த்தை. இந்த முறையும் அவன் கையை நீட்டினான். அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கையின் மேல்தான் அவனுக்குக் கோபம் அதிகம்.

ஆய்வகத்திலிருந்து ஜொவிட்டா என்ற பெண் ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்தாள். இருவரையும் அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. அண்ணனின் கட்டிலில், அண்ணனின் போர்வைக்குள், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு பாலு படுத்திருந்தான். அண்ணன் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

பெயரைக் கேட்டாள். டில்லிபாபு என்றான் பாலு. சொன்னதும் நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்தது போலிருந்தது.

ரப்பர் பட்டையைக் கட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள். "வால்வு மாத்தினவர்னு போட்டிருக்கு சார். சத்தமே கேக்கலையே?"

அறை அமைதியானது. அந்த அமைதிக்குள், கதவுக்குப் பின்னாலிருந்து, டிக். டிக். டிக்.

"இப்ப கேக்குது," என்று அவன் நெஞ்சைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஊசியை இறக்கினாள்.

அந்த ஒரு கணம், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாலுவுக்கே தெரியவில்லை.

எண் இரண்டு என்று வந்தது. மருத்துவர் மகிழ்ந்துபோனார். "பாத்தியா, சாம்பிள் பாஸ்," என்றார் அண்ணன். "சரக்கு நேரா கடைக்குப் போலாம்."

பாலு பயந்தது வேறு. கிருமி தின்றுகொண்டிருக்கும் வால்வோடு கல்லாவில் உட்காரும் மனிதன் ஒருநாள் அப்படியே சாய்வான், அந்தப் பழி தன் தலையில் விழும் என்று எண்ணி, தினமும் அண்ணன் முகத்தில் வியர்வையைத் தேடினான். வியர்வை இல்லை. கன்னம் தெளிந்தது. மதியம் இரண்டு தட்டு பிரியாணி உள்ளே போனது. மாலையானால் குளிர் எடுத்து நடுங்கியது பாலுவுக்கு. சட்டை நனைந்தது. ஈரத்தோடு மடித்து மூட்டைக்குள் மறந்துபோன துணியின் புளித்த வாடை எங்கிருந்தோ வருகிறது என்று மாடி முழுக்க மோந்து பார்த்து, கடைசியில் தன் தோளில் கண்டுபிடித்தான். நெஞ்சின் நடுவில், மேலிருந்து கீழாக, ஒரே கோடாக அரித்தது. அரிக்கும்போதெல்லாம், டிக்.

மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் அவ்வளவு கூட்டத்திலும் அது கேட்டது. காதைப் பொத்தினால் கூடியது.

அண்ணியிடம் ஜாடையாகக் கேட்டான், அண்ணனுக்கு ராத்திரியில் சத்தம் எப்படி என்று. அவள் முகமெல்லாம் மலர்ந்தது. "இப்பல்லாம் சத்தமே இல்ல பாலு. நல்லா செட் ஆயிடுச்சு போல."

அன்றே அண்ணனிடம் போய், சத்தம் மங்கினால் உடனே வரச் சொன்னார்களே, உண்மையைச் சொல்லித் திரும்ப ரத்தம் கொடு, இல்லையென்றால் நானே ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவேன் என்று கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவை அண்ணனிடம் கத்தினான். அண்ணன் கோபிக்கவில்லை. பேரம் படியப்போகிற வாடிக்கையாளரைப் பார்க்கும் கண்ணோடு அவனைப் பார்த்தார்.

"எனுக்கு இன்னாடா கொறச்சல்? நான்தான் பாஸ் ஆயிட்டேனே."

மறுநாள் பாலு தி.நகரை விட்டு மயிலாப்பூருக்குப் போனான். அங்கே அவனைத் தெரிந்தவர் யாருமில்லை. குளத்துக்குப் பின்னாலிருந்த சின்ன ஆய்வகத்தில் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினான். ரத்தம் எடுத்த அக்பர் பாஷா என்ற பெரியவர், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தார்.

"வால்வா நைனா? எப்போ ஆப்பரேஷன்?"

தனக்கு ஆப்பரேஷனே நடக்கவில்லை என்றான் பாலு.

பாஷா அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். "இங்க வரைக்கும் காதுல உழுது நைனா. யார்கிட்ட கதை வுடற?"

பாலு கோபுரத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினான்.

அன்று பொழுது சாயும் நேரம் மழை கொட்டியது. கடைக்குள் நனைந்த பெண்கள், நனைந்த குடைகள், நூறு புடவைகளின் ஈர வாடை. பாலுவின் கைப்பேசி அடித்தது. பாஷா. குரலில் சிரிப்பில்லை. சி.ஆர்.பி. இருநூற்றுப் பன்னிரண்டு, எங்கே இருந்தாலும் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ நைனா என்றார்.

மின்சாரம் போனது.

கூச்சல், கிண்டல், குழந்தையின் அழுகை. கூட்டம் வெளியே வழிந்தது. இருட்டில் துணி திருடுவார்கள் என்று அண்ணன் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். எதிர்க்கடையின் ஜெனரேட்டர் விளக்கிலிருந்து ஒரு மஞ்சள் பட்டை மட்டும் தரையில் விழுந்தது.

டிக்.

பாலு மூச்சைப் பிடித்தான்.

டிக். அதற்குக் கீழே இன்னொன்று. மெத்தென்று. டப்.

டிக். டப். டிக். டப்.

இரண்டு. ஒரே நெஞ்சில் இரண்டு, தன் நெஞ்சில்.

அண்ணா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீயும் வா என்று சொல்ல வாயெடுத்தான். வார்த்தைக்கு முன்னே கை போனது. அண்ணனின் சட்டையைப் பிடித்தான். இத்தனை வருஷமும் அந்தக் கையில் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே இழுப்பில் வந்தது. பொத்தான்கள் தெறித்தன. அண்ணன் தடுக்கவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் அவர் நெஞ்சு வழுவழுவென்று கிடந்தது. தையல் இல்லை. தழும்பு இல்லை.

காதை வைத்தான்.

சில்லென்றிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. டிக் இல்லை. டப் இல்லை. சரக்கு தீர்ந்த அலமாரி மாதிரி.

அந்த நெஞ்சிலிருந்தே குரல் வந்தது.

"கொஞ்ச நாளு உன்னாண்டயே கெடக்கட்டும்டா. சீசன் முடியட்டும், வாங்கிக்கறேன்."

"எது?" என்றான் பாலு. "எதைத் திருப்பி வாங்கிப்ப?"

அண்ணன் பாலுவின் கையைப் பிடித்து, கடை திறந்த நாளிலிருந்து யாரையும் போகவிடாத வாசல் வெளிச்சத்துக்கு அவரே இழுத்துப்போனார். விரல்களை விரித்தார். ஒவ்வொரு நகத்துக்கும் அடியில் மெல்லிய கோடுகள். நூல் பிரிந்ததுபோல. கருஞ்சிவப்பு. அண்ணன் பழக்கதோஷத்தில் பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு ஜாக்கெட் துண்டை உருவி, நகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"மெரூன்," என்றார் திருப்தியாக. "அச்சா மேட்ச் ஆவுது."

பாலுவின் சட்டைக்குள் சூடாக ஏதோ ஊறியது. நெஞ்சின் நடுவில். மேலிருந்து கீழாக. ஒரே கோடாக.

ஓட வேண்டும். சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தான்.

மின்சாரம் வந்தது. டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாக விழித்தன. அண்ணன் கிழிந்த சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஷட்டரைத் தூக்கினார். "வாங்கம்மா, வாங்க, புடவையை எடுங்க." கூட்டம் உள்ளே வந்தது. ஒரு பெண் பாலுவின் அருகே நின்று, எங்கேயோ கடிகாரம் ஓடுகிறதே என்று சுற்றிலும் பார்த்தாள்.

அது மங்க ஆரம்பித்திருந்தது. ஈரத்துணிக்குள் சுற்றிவைத்ததுபோல.

அண்ணன் பக்கம், துடிப்பு பூஜ்யம். தம்பி பக்கம் இரண்டு, அதில் ஒன்று தேய்ந்துகொண்டிருந்தது. ஆள் இரண்டு, துடிப்பு இரண்டு.

கணக்கு சரி.