ஒரே ஒரு சொட்டு உறை

பவளத்துக்கு வயிறு எரிந்தது. காரணம், தயிர்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பவளத்தின் வீட்டில் மட்டும்தான் மாடு இருந்தது. பாலும் உறைமோரும் அங்கிருந்துதான் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கெல்லாம் போகும். ஆனால் 1978-ஆம் வருடத் திருவிழாவுக்குக் கோயில் சமையல்காரர் ஆண்டியப்பன் என்ன சொன்னார் தெரியுமா?

“தயிர்சாதத்துக்குச் சாரதா வீட்டுத் தயிர்தான் வேணும். கத்தியால வெட்டலாம்லா!”

எங்கள் மாடு, எங்கள் உறை. பெயர் மட்டும் பக்கத்து வீட்டுக்கா?

திருவிழாவுக்கு முந்தின மாலை சாரதா கிண்ணத்தோடு வந்தாள். “கொஞ்சம் உறை தாடி.”

பவளம் ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

“ஏண்டி, எறும்புக்கா தயிர் போடுறேன்?”

“இவ்வளவுதான் இருக்கு.”

பொய்! சாரதா போனதும் தன் பானையில் நான்கு கரண்டி ஊற்றினாள். நாளைக்கு யார் தயிர் கெட்டி என்று பார்த்துவிடலாம்.

உறைமோருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. முக்கியமாக இரண்டு வகை. ஒன்று உருண்டை, மற்றொன்று குச்சி. குச்சி பாலைப் பிரித்து உருண்டைக்குச் சாப்பாடு தரும். உருண்டை கசியவிடுவதைத் தின்று குச்சி வளரும். வாயும் காதும் இல்லாமலே என்ன ஒற்றுமை! தனித்தனியாக விட்டால் இரண்டுக்கும் ஆமை வேகம்தான். ஆனால் அவை வேலை செய்யக் கூட்டமும் வேண்டும், கதகதப்பும் வேண்டும்.

அன்று பார்த்து விறகு ஈரம். பானைக்குக் கதகதப்பு தர வேண்டிய பவளம் வீட்டு அடுப்பு சீக்கிரமே அணைந்துபோனது. காலையில் மூடியைத் திறந்தால், பால் பாலாகவே தளும்பியது.

வெளியே சாரதா அழுதுகொண்டு நின்றாள். அவள் பானையிலும் பால்தான்.

பவளத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மாலைப் பூசைக்குத் தயிரே இல்லையே!

“நான்தான்டி வேணும்னே கொஞ்சமா கொடுத்தேன். உன் மேல பொறாமை,” என்றாள் தரையைப் பார்த்தபடி.

சாரதா மூக்கை உறிஞ்சினாள். “என் மேலயா? உங்க வீட்டுல மாடு இருக்குன்னு எனக்குல்ல பொறாமை!”

“உன் தயிர் மட்டும் எப்படிடி கெட்டியாகுது?”

“ஃபேக்டரில தேயிலை காயவைக்கிற மெஷின் பக்கத்துல அப்பா வைப்பாரு. அங்க எப்பவும் சூடு.”

பவளம் யோசித்தாள். “என் பால்ல உறை நிறைய இருக்கு. உன் இடத்துல சூடு இருக்கு. வாடி, ஒண்ணா ஊத்துவோம்!”

இருவரும் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்கு நடந்தார்கள்.

மாலையில் ஆண்டியப்பன் தயிரில் கரண்டியை நட்டார். அது சாயாமல் நின்றது.

“அடேயப்பா! யாரு வீட்டுத் தயிர் இது?”

“எங்க வீட்டுது!” என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

“எங்க மாடு,” என்று முணுமுணுத்தாள் பவளம்.

“எங்க சூடு,” என்றாள் சாரதா, அவளுக்கும் சேர்த்து வாழையிலையை நீட்டியபடி.