முகமறியின் பச்சை விளக்கு

காலையிலிருந்து வெந்த முகங்களாகவே வந்துகொண்டிருந்தன. கோவில்பட்டித் தோல் மருத்துவர் செண்பகவல்லிக்குப் பொறுமை எப்போதோ போய்விட்டது.

"ஆப்பசோடாவ எலுமிச்சைல குழைச்சு மூஞ்சில அப்பச் சொன்னது யாரு?"

"முகமறிதான் டாக்டர்," என்றாள் கல்லூரி மாணவி ஜெனிட்டா. கன்னம் தோலுரிந்து சிவந்திருந்தது. "பருவுக்கு நல்லதுன்னு பச்ச வெளக்கு காட்டிச்சு. தழும்பு ஆயிருமா?"

முகமறி என்பது வீட்டுக்கு வீடு மாட்டிய மருத்துவக் கண்ணாடி. ஊரார் எதைப் பூசிக்கொண்டு "நல்லா இருக்கு" என்கிறார்களோ அதற்குப் பச்சை விளக்கு. "எரியுது" என்றால் சிவப்பு. நம் ஊரில் சொந்தக்காரர் பூசிவிட்டதைப் பற்றி யார் உண்மை பேசியிருக்கிறார்கள்? அதை வடிவமைத்த புத்திசாலிகள் இதை யோசிக்கவே இல்லை.

மருத்துவர் தன் அறையிலிருந்த முகமறியிடம் பாய்ந்தாள். "இந்தக் கண்றாவிக்கு முதல்ல சான்று கொடுத்தது யாரு?"

"ஒரு தோல் மருத்துவர். அவருடைய ஒரு சொல் ஆயிரம் பேர் சொல்லுக்குச் சமம்."

"எந்த முட்டாள்?"

முகமறி குரலை ஒலிக்கவிட்டது. "சூப்பரா இருக்கு மதினி! முகம் பளபளன்னு ஆயிட்டு!"

செண்பகவல்லியின் குரலேதான். பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டு முகமறியின் முன்னால் கோமு மதினி இதையேதான் ஆசையாகக் குழைத்துப் பூசிவிட்டாள். எரிச்சல் தாங்காமல் ஓடிப்போய்க் கழுவினாள். ஆனால் பூசிவிட்டவளின் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது?

வெட்கம் பிடுங்கித் தின்றது. "மாத்திக்கோ. எனக்கு எரிஞ்சுச்சு. யாரும் பூசக் கூடாது."

சிவப்பு விளக்கு எரிந்தது. "பூசிவிட்டவருக்கும் தெரிவித்துவிட்டேன்," என்றது முகமறி. உடனே தொலைபேசி அடித்தது.

"ஏன் செண்பகம், நான் பூசிவிட்டது எரிஞ்சுச்சாமே? உங்க அண்ணன் முன்னாடியே கண்ணாடி சொல்லுது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" மதினியின் குரல் தழுதழுத்தது.

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல மதினி! அது கோட்டி புடிச்ச கண்ணாடி. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு!"

வாய் முந்திக்கொண்டது. எதிரே விளக்கு பச்சைக்கு மாறியது. செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜெனிட்டா கன்னத்தில் ஈரத்துணியை ஒற்றியபடி மெதுவாகச் சொன்னாள். "நானும் எங்க வீட்டுக் கண்ணாடிகிட்ட நல்லா இருக்குன்னுதான் சொன்னேன் டாக்டர். குழைச்சுக் குடுத்த பெரியம்மா பக்கத்துலயே நின்னாங்க."