வெதுவெதுப்பாக ஒரு ஸ்வெட்டர்

"நல்லாத்தான் நடிக்கறீங்க மேடம். ஆனா நாங்க ஏமாற மாட்டோம்."

"நடிக்கலீங்க டீச்சர். நான் சொன்ன பரீட்சை சாப்பாட்டுக்கு அப்புறம்தான். நான் இன்னும் எந்தக் குழந்தையையும் ஒளிச்சு வைக்கலை."

"அப்ப ஆயா பேச்சியம்மா எதுக்கு இப்படி மூச்சு வாங்க நிக்கறா? அவளுக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஹால் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. தலைமை ஆசிரியை தபித்தாள், தன் கேள்விக்குத் தானே மகிழ்ந்துபோய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர் அருள்ராஜுக்குத் தேநீர் புரையேறியது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை தேவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடைக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற போலீஸ் உதவி ஆய்வாளர் கோகிலவாணி மட்டும் தன்னையே திட்டிக்கொண்டாள். குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் நடுவே, தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அவள் காலையில் வந்தது, குழந்தைகள் பாதுகாப்பு பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. ஆர்வம் வரட்டுமே என்று தொடக்கத்திலேயே ஒன்று சொல்லி வைத்தாள்: "இன்னிக்கு எப்ப வேணாலும் ஒரு சோதனை வரும். குழந்தையைக் காணோம்னு சேதி வரும். நீங்க என்ன செய்யறீங்கன்னு பாப்பேன்." இப்போது நிஜமாகவே சேதி வந்திருக்கிறது. நம்புவதற்குத்தான் ஆளில்லை.

இல்லை, ஒருவர் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த துணைத் தலைமை ஆசிரியர் விஜயன் சிரிக்கவில்லை. மஃப்ளரை இறுக்கிக்கொண்டு ஆயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முதலில் கை தூக்கியவரும் அவர்தான். பொறுப்பானவர் ஒருவராவது இருக்கிறாரே என்று கோகிலவாணிக்கு ஆறுதலாக இருந்தது.

"வெளையாட்டு இல்லீங்க சாமி," என்றாள் பேச்சியம்மா. "பால் ஊத்தறப்பத்தான் பாத்தேனுங்க. மிதுனாப் புள்ளையக் காணோமுங்க."

கோகிலவாணி மைக்கைக் கீழே வைத்தாள். "எல்லாரும் எழுந்திருங்க. இது பரீட்சை இல்லை."

சிரிப்பு நின்ற இடத்தில் தகரக் கூரையின் மழைச் சத்தம் வந்து உட்கார்ந்தது. விடியலில் கொட்டிய மழை இப்போது தூறலாகத் தேய்ந்திருந்தது. பள்ளிக்குப் பின்னால் முள்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் தேயிலை, அதற்கும் கீழே சோலைக்காடு. போன வாரம்தான் அந்த வேலியோரம் கரடி வந்து போயிருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காவலாளி இருளப்பன் கேட்டிலிருந்து ஓடி வந்தார்.

"யாராவது வெளிய போனாங்களா?"

"இல்லீங்மா. உங்க ஜீப்பு வந்தப்பத் தொறந்ததுதானுங்க. பூட்டு போட்டது போட்டபடியே இருக்குது."

"குழந்தைங்க காலையில யார்கிட்ட இருந்தாங்க?"

சனிக்கிழமை விடுமுறைதான். ஆனால் அம்மாக்கள் தேயிலை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவதால், சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிலர் அன்றும் வருவார்கள்.

"ஆயாகிட்டத்தானே இருந்தாங்க," என்றாள் தேவி.

"எங்கிட்ட விஜயன் சாருதானுங்க அனுப்பி வெச்சாரு. இத்தனை பேருன்னு யாரும் சொல்லலீங். வந்த புள்ளைகளப் பாத்துட்டிருந்தேன்."

விஜயன் முன்னே வந்தார். "ஆமாங்க மேடம். ஆண்டு விழா நாடகத்துக்கு இந்த ஹால்லதான் பழக்கிட்டிருந்தேன். லைப்ரரி ஒழுகுது, பயிற்சி இங்கதான்னு சொல்லிப் பெஞ்செல்லாம் தூக்கிட்டு வந்துட்டாங்க. உடனே புள்ளைங்களை வரிசையா அனுப்பிட்டேன். வழியில எங்கயாவது பிரிஞ்சிருக்கும்."

அது உண்மைதான். பயிற்சி நூலகத்தில் நடப்பதாகத்தான் ஏற்பாடு. கோகிலவாணி வந்து இறங்கியபோது, அருள்ராஜ் ஏணி போட்டு மேடைச் சுவரில் வெள்ளைத்திரை கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த குட்டிக் கதவு ஒன்று திரைக்குப் பின்னால் மறைந்துபோனதைப் பார்த்தபடியே அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஆளுக்கொரு பக்கம் தேடுங்க. டீச்சர், நீங்க மிதுனாவோட அம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

விஜயன்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

கோகிலவாணி கழிவறை, தண்ணீர்த் தொட்டி, சமையல்கட்டு எல்லாம் பார்த்தாள். சமையல்கட்டை ஒட்டிய அறையில் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மேலே கொடி கட்டி, காலையில் நனைந்து வந்த பிள்ளைகளின் சிவப்பு ஸ்வெட்டர்களையும் காலுறைகளையும் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மலைப் பள்ளிகளில் மழைக்காலம் முழுக்க இப்படி ஒரு அறை புகைந்துகொண்டே இருக்கும். அங்கும் யாரும் இல்லை.

வகுப்பறையில் தேவி பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் துப்பட்டாவைப் பிடித்து ஒரு சிறுமி இழுத்தாள். மேல்சட்டைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லாமல் நின்றது அது.

"மிஸ், என் ஸ்வெட்டரக் காணோம்."

"சும்மா இரு ரக்‌ஷிதா. இங்க ஒரு புள்ளையவே காணோம்."

"அடுப்பு ரூம்ல இருந்துச்சு மிஸ். இப்ப போய்ப் பாத்தா இல்ல."

"உக்காருன்னு சொன்னேன்ல?"

கோகிலவாணியும் அந்தச் சிறுமியைக் கடந்து போனாள். அதே நேரத்தில் கீழே வேலிப் பக்கமிருந்து அருள்ராஜின் குரல் கேட்டது.

"கெடச்சிருச்சு! ஸ்வெட்டர் கெடச்சிருச்சு!"

எல்லோரும் ஓடினார்கள். வேலியில் ஆட்கள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் முள்கம்பியில் மாட்டியிருந்தது என்று ஒரு சின்ன சிவப்பு ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினார் அருள்ராஜ்.

"மிதுனாவோடதுதான்," என்றார் விஜயன் அக்கணமே. "வேலியத் தாண்டித் தோட்டத்துக்குள்ள போயிருக்கா. எல்லாரும் கீழ எறங்குங்க, சோலை வரைக்கும் பாருங்க. நான் ஸ்கூல்ல இருந்து போனைப் பாத்துக்கறேன்."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. ஆசிரியர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தார்கள். மூடுபனிக்குள் "மிதுனா… மிதுனா…" என்ற குரல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

அப்போதுதான் மிதுனாவின் அம்மா மகாலட்சுமி வந்து சேர்ந்தாள். ஃபேக்டரியில் தலைக்குக் கட்டும் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. தோளில் தேயிலைத் தூள். ஸ்வெட்டரைப் பிடுங்கி முகத்தில் புதைத்துக்கொண்டாள்.

"இன்னும் வெதுவெதுன்னு இருக்குதுங்க மேடம்!" என்றாள், அழுகைக்கு நடுவே ஒரு நம்பிக்கையோடு. "இப்பத்தான் கழட்டியிருக்கா. பக்கத்துலதான் இருக்கா என் புள்ள!"

"இங்க குடுங்க."

கோகிலவாணி ஸ்வெட்டரை வாங்கினாள். மேலே பொடிப்பொடியாகத் தூறல் துளிகள். விரலால் தட்டினால் உதிர்ந்தன. உள்ளே கை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு உண்மைதான், ஆனால் ஒரு குழந்தையின் உடம்புச் சூடு இந்தக் குளிரில் முள்கம்பியில் எவ்வளவு நேரம் தங்கும்? காலையிலிருந்து நிற்காத தூறலில் ஒரு கம்பளித் துணி எப்படி நனையாமல் இருக்கும்? அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

கரிப்புகை வாசனை.

காதுக்குள் ஒரு குரல் மறுபடி கேட்டது: என் ஸ்வெட்டரக் காணோம் மிஸ். காலையிலிருந்து இரண்டு மணி நேரம் அவள் இந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயத்தைத்தான். குழந்தை சொன்னால் நின்று கேளுங்கள் என்று.

"என்கூட வாங்கம்மா," என்று மகாலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்பறைக்கு ஓடினாள். ரக்‌ஷிதாவின் முன்னால் முழங்காலிட்டாள்.

"கண்ணு, நீ சொன்னப்ப நான் கேக்காம போயிட்டேன். இப்பச் சொல்லு."

ரக்‌ஷிதா அவளை ஏற இறங்கப் பார்த்தது. மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. "என் ஸ்வெட்டர்ல கைக்குள்ள நீலநூல் முடிச்சு இருக்கும். எங்கம்மா போட்டது."

கோகிலவாணி கைப்பகுதியைத் திருப்பினாள். நீலநூல் முடிச்சு.

"ஐ! என்னுது!"

"மிதுனாவோட ஸ்வெட்டர் எங்க கண்ணு?"

"அவ கொடையில வந்தா, நனையவே இல்ல. போட்டுட்டுத்தான் இருந்தா." ரக்‌ஷிதா ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டிக்கொண்டது. உள்ளிருந்து குரல் வந்தது: "சூப்பரா சூடா இருக்கு."

"நாடகம் முடிஞ்சு வரிசையில வந்தப்ப மிதுனா உன்கூட வந்தாளா?"

"இல்ல. அவ பேசிட்டே இருந்தா. சார் திட்டுனாரு. அப்புறம் எங்களையெல்லாம் ரவுண்டா நின்னு கண்ண மூடிக்கச் சொன்னாரு. தொறந்தா அவளக் காணோம்."

கோகிலவாணி வாசலுக்கு வந்து விசிலை எடுத்து ஊதினாள். மலைச்சரிவு முழுக்க அது எதிரொலித்தது. "எல்லாரும் மேல வாங்க! தோட்டத்துல தேட வேண்டாம். குழந்தை ஸ்கூலை விட்டு வெளியவே போகலை!"

சேறு படிந்த கால்களோடு ஆசிரியர்கள் ஹாலுக்குள் வந்தபோது, மேடையில் விஜயன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை திரையின் கயிற்றில் இருந்தது.

"போன் ஆபீஸ்லதானே இருக்கு சார்?" என்றாள் கோகிலவாணி.

"திரையைக் கழட்டி வெச்சிடலாம்னு…"

"இருங்க. பேச்சியம்மா சேதி சொன்னப்ப இந்த ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. என் பரீட்சைன்னு நெனச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கலை. பொறுப்பான ஆளுன்னு நெனச்சேன். இல்லை. அது பரீட்சை இல்லைன்னு தெரிஞ்சவங்க பேச்சியம்மாவை விட்டா ரெண்டே பேரு. ஒண்ணு நான், இன்னொண்ணு நீங்க."

விஜயன் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

"வேலியில இருந்த ஸ்வெட்டர் கரியடுப்புச் சூட்டோட, காஞ்சு இருந்தது. தேட ஆரம்பிச்ச பிறகு யாரோ கொடியில இருந்து உருவிக் கொண்டுபோய் மாட்டியிருக்காங்க. ஸ்வெட்டர் எல்லாமே ஒரே சிவப்பு. வெளியில பேரும் கெடையாது, அடையாளமும் கெடையாது. ஆனா தொட்டுக்கூடப் பாக்காம மிதுனாவோடதுன்னு சொன்னது நீங்கதான். அது ரக்‌ஷிதாவோடது சார். மிதுனா தன்னுதைக் கழட்டவே இல்லை."

"மேடம்…"

"எல்லாரையும் கீழ அனுப்பிட்டு நீங்க தனியா இருக்க வேண்டியிருந்தது. எதுக்கு? ஒரு கதவைத் தொறக்க. அஞ்சு நிமிஷத்துல தொறந்திருக்க வேண்டிய கதவு. பெஞ்சு வந்துருச்சு, திரை வந்துருச்சு, அந்தக் கதவுக்கு முன்னால நாங்க அத்தனை பேரும் வந்து உக்காந்துட்டோம்."

அவள் மேடையேறித் திரையை விலக்கினாள். குட்டிக் கதவு. வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். மகாலட்சுமி அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்த் தாழை இழுத்தாள்.

உள்ளே பழைய நாடகத் திரைச்சீலைகளின் குவியல் மேல், காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடுகளோடு உட்கார்ந்திருந்தாள் மிதுனா. வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கசக்கினாள். கூட்டத்துக்கு நடுவே விஜயனைப் பார்வையால் தேடிப் பிடித்தாள்.

"இப்பப் பேசலாமா சார்?"

மகாலட்சுமி மகளை அள்ளியெடுத்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை தடவித் தடவிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு மிஸ்," என்றாள் மிதுனா அம்மாவின் தோளுக்கு மேலாக, கோகிலவாணியிடம். "பயமா இருந்தா சத்தமாக் கத்தணும்னு சொன்னீங்க. ஆனா மூச்சு விடக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு. எதைக் கேக்கறதுன்னு தெரியல. அப்புறம் தூங்கிட்டேன்."

விஜயன் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு நிமிஷம்னுதாங்க வெச்சேன். நீங்க போட்ட மொதல் படமே, புள்ளைங்கள அறையில அடைக்கறது குற்றம்னு வந்துச்சு. அப்ப எந்திரிச்சு சொல்லியிருக்கணும். எல்லாக் கேள்விக்கும் கை தூக்குனேன், அதுக்கு மட்டும் தூக்கலை."

"அடைச்சது ஒரு குற்றம். இந்த அம்மாவைக் கரடி இருக்கற காட்டைப் பாத்து அழ வெச்சது இன்னொண்ணு. ரெண்டையும் நான் மேல எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க," என்றார் தபித்தாள். கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தார். "விசாரணை முடியற வரைக்கும் சார் வகுப்புக்கு வர வேண்டாம். சிரிச்சதுக்கு எம்பேரையும் சேத்து எழுதுங்க மேடம்."

மதியம் பனி விலகியது. எதிர்ச் சரிவில் வெயில் விழுந்து தேயிலை பச்சைப் பசேலென்று எழுந்தது. வராந்தாவில் பேச்சியம்மா எல்லோருக்கும் தேநீரும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தாள். பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு. தேவி தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் சொல்வதை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிதுனா வரைக்கும் சரி. ரக்‌ஷிதாதான் ஆரம்பித்தால் முடிப்பதாக இல்லை. கோகிலவாணி வர்க்கியைத் தேநீரில் தொட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் வைப்பதாக இருந்த பரீட்சையை ரத்து செய்வதாக அறிவித்தாள். இந்தத் தடவை எல்லோரும் நம்பினார்கள். அருள்ராஜுக்கு மறுபடி புரையேறியது.

வராந்தாவின் மறுகோடியில், இருளப்பன் அருகே நிற்க, விஜயன் தனியாக உட்கார்ந்திருந்தார். மிதுனா அம்மாவின் கையை விடாமலே, அம்மாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். கிரீடம் இன்னும் தலையில் இருந்தது.

"சார், அந்த ரூம் எனக்குப் புடிச்சிருக்கு. விளையாடலாம்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அந்தத் தாப்பாள வெளிய இருந்து கழட்டி, உள்பக்கமா வெச்சுத் தர்றீங்களா?"