அசையாத ஷாட்

மூன்றாவது காட்சியில் கேமரா நகர்ந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளும் தம்பியும் மட்டுமே வீட்டுக்குள் எடுத்த படம் அது. நடிப்பு அவன், மற்றதெல்லாம் அவள். கேமராவைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஸ்டூல் மேல் வைத்தே முழுப் படத்தையும் எடுத்திருந்தாள். அதுதான் தன் பாணி என்று ஊரெல்லாம் அளந்தும் விட்டிருந்தாள். எடிட் செய்தபோது நூறு தடவை பார்த்த இந்த ஷாட், அப்போதெல்லாம் அசையவே இல்லை.

நாளைக்குப் படத்தைத் திரையிடுவதற்கு முன் ஒருதடவை ஓட்டிப் பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், பன்னிரண்டு நாற்காலி போட்ட குட்டித் தியேட்டர். ஜன்னல் கிடையாது, நனைந்து காய்ந்த கார்பெட்டின் வாடையும் புரொஜெக்டரின் சூடும் சேர்ந்து மூச்சை அடைத்தன. கதவு லேசாகத் திறந்தாலும் சந்திலிருந்து வெயில் பாய்ந்து திரை வெளுத்துவிடும் என்பதால், கடைக்காரர் வெளியே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார்.

திரையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ கையில் எடுத்ததுபோல, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியபடி கேமரா கட்டிலை நெருங்கியது.

“நீ பக்கத்துல உக்காந்து தலையத் தடவிக் குடுத்தியே, அப்ப எடுத்ததாக்கா?” என்றான் தம்பி.

அவள் தடவிக் கொடுக்கவே இல்லை. தனியாகத் தூங்கப் பயப்படுகிறவன் அவன். “நான் இங்கயேதான் இருப்பேன், தூங்குடா” என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணயர்ந்ததும் கேமராவை ஓடவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

திரையில் கேமரா வாசலைத் தாண்டியது. தெரு. ஜெராக்ஸ் கடை. பின்பக்கச் சந்து.

“எந்திரி, போலாம்.”

சுவரைத் தடவிப் போய்க் கதவை உடைப்பதுபோல் தட்டினாள். பதில் இல்லை. இருட்டில் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்து அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவனை விட்டுப் போயிருக்கக் கூடாது. அன்றைக்கும். இப்போதும்.

திரையில் இந்தக் கதவு.

பூட்டுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு இருண்டது.

இப்போது திரையில் பன்னிரண்டு நாற்காலிகள். பின்னாலிருந்து. ஸ்டூலில் வைத்ததுபோல் துளிகூட அசையாத ஷாட்.

நடுவில் அவள் தலை. பக்கத்து நாற்காலி காலி.

அவள் கைக்குள் இருந்த விரல்கள் மெல்ல விலகின. பிறகு அவள் தலையைத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தன.