கரிக்கீறல்

முட்டை வைத்த பதினோராம் நாள் காலையில்தான் மீனம்மா அதைக் கவனித்தாள். குஞ்சுப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் எப்போதும் போல வெதுவெதுப்பான காற்று, மண்ணெண்ணெய் வாடையும் ஈரச்சாக்கு வாடையும் கலந்து முகத்தில் வந்து மோதியது. உள்ளே இருபத்துநான்கு முட்டைகளும் வரிசை கலையாமல் இருந்தன. ஆனால் ஒன்றில்கூடக் கீறல் தெரியவில்லை. நேற்றுச் சாயந்திரம் ஒவ்வொன்றாகத் திருப்பி, கரிக்கீறல் மேலே தெரியும்படி வைத்துவிட்டுத்தான் மூடினாள். இப்போது எல்லாம் வெறும் ஓடாக இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கீறல் அடியில் இருந்தது.

அந்தப் பெட்டி பழைய துரைசாணி சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போனது. ராகலைப் பக்கத்துத் தோட்டத்தின் பங்களாவில் கிடந்த அது, பங்களாச் சமையல்காரன் ஆண்டியப்பன் கைக்கு வந்து, இப்போது பங்களாவுக்குப் பின்னால் அவனும் மீனம்மாவும் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒரு லாம்பு எரியும். அதன் சூடு உள்ளே போய் முட்டைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும். அடைக்கோழி அலகால் முட்டையை உருட்டிவிடுகிற வேலையை மட்டும் மனிதக் கை செய்ய வேண்டும். காலை, மத்தியானம், சாயந்திரம் என்று மூன்று தரம். எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று தெரிவதற்காக ஒரு பக்கத்தில் மட்டும் கரியால் ஒரு கீறல்.

"என்னாங்க, பொட்டியத் தொறந்து முட்டையத் திருப்பினீங்களா?" என்று மத்தியானம் சோற்றுக்கு வந்தவனிடம் கேட்டாள்.

"நான் எங்க தொட்டேன்? விடியக்கருக்கல்லயே பங்களாவுக்குப் போயிட்டேனே. நெறமாசக்காரிக்கு மறதி வரத்தான் செய்யும் புள்ள."

மறதியாகவே இருக்கட்டும் என்று மீனம்மாவும் விட்டுவிட்டாள். அவள் மனம் முழுக்க வயிற்றில்தான் இருந்தது. போன வருடம் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. இதாவது உயிரோடு கையில் வரவேண்டும். இதைத் தவிர எந்தச் சாமியிடமும் அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

சாமியிடம் மட்டுமா கேட்டாள்? ஆண்டியப்பனின் மூத்த தாரம் லெட்சுமியிடமும் கேட்டிருந்தாள். அந்த வீட்டில் பெட்டிக்குள் முதலில் முட்டை வைத்துப் பார்த்தவள் லெட்சுமிதான். மூன்று வருடத்துக்கு முன் பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டாந்தாரமாக வந்தவள் மூத்தாளுக்குச் சேலை வைத்துக் கும்பிடாமல் எந்த நல்ல காரியத்தையும் தொடங்கக்கூடாது. அதனால் பெட்டியில் முட்டை வைத்த வெள்ளிக்கிழமை, மஞ்சள் தடவிய புதுச்சேலையைத் தட்டில் வைத்து, விளக்கேற்றி, மீனம்மா வாய்விட்டே சொன்னாள்: "அக்கா, பொட்டியும் ஒங்க பொட்டி. வயித்துல இருக்கறதும் ஒங்க வீட்டுப் புள்ள. ரெண்டையும் ஒண்ணுபோல நீங்கதான் பாத்துக்கணும்."

மறுநாள் மத்தியானம் அவள் பெட்டிக்கு எதிரிலேயே பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கி, வாசலை மூடி, முற்றத்துக் கொய்யா மரத்தை மூடி, கடைசியில் காம்பராவுக்குள்ளும் புகுந்து லாம்பு வெளிச்சத்தைச் சுற்றிப் புகைபோல நின்றது. பெட்டிக்கு அடியில் லெட்சுமி வளர்த்த சாம்பல் கோழி, முட்டை ஒன்றுமில்லாமலே அடைக்கு உட்கார்ந்து, அடித்தொண்டையில் கேறிக்கொண்டிருந்தது. மீனம்மா கையை நீட்டினால் கொத்துகிற கோழி அது. அன்றைக்குக் கேறுவதைச் சட்டென்று நிறுத்தியது. எழுந்தது. தலையைத் தூக்கி, ஆள் உயரத்தில் எதையோ பார்த்தது. பிறகு கழுத்தைத் தாழ்த்தி, யாரோ தடவிக்கொடுப்பதற்குக் காட்டுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டது.

மீனம்மாவின் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. உதை இல்லை. துள்ளலும் இல்லை. மெதுவாக, முழுதாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு.

மூடியைத் தூக்கிப் பார்த்தாள். இருபத்துநான்கும் திரும்பியிருந்தன.

பயந்தாளா என்றால், அன்றைக்குப் பயப்படவில்லை. அழுகைதான் வந்தது. பெற்ற தாய்கூட அடுத்த தோட்டத்திலிருந்து வந்து எட்டிப் பார்க்காத நேரத்தில், முகம் தெரியாத ஒருத்தி வேண்டுதலைக் காதில் வாங்கிக்கொண்டாளே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அன்றிலிருந்து அவள் முட்டையைத் தொடவில்லை. லாம்புக்கு எண்ணெய் விடுவதும், உள்ளே இருக்கும் தட்டில் தண்ணீர் ஊற்றுவதும் மட்டும் அவள் வேலை. மற்றதை மூத்தவள் பார்த்துக்கொண்டாள். மூன்று வேளையும் தவறாமல். மூன்று வேளையும் வயிற்றில் பிள்ளை புரண்டது.

தோட்டத்து மருத்துவச்சி ராசம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. பதினைந்தாம் நாள் வயிற்றைத் தடவிப் பார்த்தவள் கையை எடுக்காமலே யோசித்தாள்.

"முந்தாநாளு தலை கீழ இருந்துச்சு. நேத்து மேல இருந்துச்சு. இன்னக்கி மறுபடி கீழ. இத்தன புள்ள எடுத்திருக்கேன், இப்படி உருளுற புள்ளய நான் பாத்ததில்ல ஆத்தா."

"அதுல ஒண்ணும் கெடுதல் இல்லீங்களே?"

"இப்ப இல்ல. வலி காணும்போது தலை கீழ நிக்கணும். குறுக்கால கெடந்துச்சுன்னா..." ராசம்மா பேச்சை விழுங்கிவிட்டு வெற்றிலையை மடித்தாள். "அத ஏன் இப்பப் பேசிக்கிட்டு."

பேசாமல் விட்டது மீனம்மாவைக் குடைந்தது. பதினேழாம் நாள் சாயந்திரம், ஆண்டியப்பன் பங்களாவிலிருந்து வந்து அடுப்படியில் கை காய்ந்துகொண்டிருந்தபோது கேட்டாள். "லெட்சுமி அக்கா வச்ச முட்டை பொரிச்சிச்சாங்க?"

அவன் ஒரு விறகை உள்ளே தள்ளினான். "ஒண்ணுகூட இல்ல. பதினெட்டு நாளக்கிப் பொறகு திருப்பக்கூடாதுன்னு தோட்டத்து மருந்து ஐயா சொல்லி இப்ப நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. துரைசாணி திருப்புறதச் சன்னல் வழியாப் பாத்துப் படிச்சவதானே. குஞ்சு கடசியில தலைய ஒரு பக்கமா வச்சு, ஓட்ட ஒடைக்கத் தயாரா இருக்குமாம். அப்பத் திருப்பினா அதுக்கு வழி தெரியாமப் போயிரும். அவ என்னா செஞ்சா, இருபத்தோராம் நாள் வரைக்கும் திருப்பிக்கிட்டே இருந்தா. பொரிக்கலயேன்னு ஆசையில இன்னும் கூடுதலாத் திருப்பினா."

"அப்பறம்?"

"ஒடச்சுப் பாத்தோம். எல்லாம் முழுக்குஞ்சு. தலை மட்டும் தப்பான பக்கம்." கையை நெருப்பிலிருந்து எடுத்துக்கொண்டான். "அடுத்த கெழமதான் அவளுக்கு வலி கண்டுச்சு. புள்ள குறுக்கால. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்துறதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிருச்சு. ஏன் புள்ள இதெல்லாம் இப்ப?"

ரெண்டையும் ஒண்ணுபோல. தான் சொன்ன சொல்லே மீனம்மாவின் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

எழுந்துபோகிறபோது அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "நீ ஒத்தக் கீறல் போட்டிருக்க. அவ எப்பவும் குறுக்கு மறுக்கா ரெண்டு கீறல் போடுவா."

பதினெட்டாம் நாள் ராசம்மா வந்து எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். தலை நன்றாக இறங்கி நிற்கிறது. இனி இரண்டு மூன்று நாள்தான். அசையாமல் படுத்திருக்க வேண்டும். அன்று சாயந்திரம் மீனம்மா மறுபடியும் சேலைத் தட்டை எடுத்துவைத்தாள். விளக்கேற்றிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, பதினெட்டு முடிஞ்சிருச்சு. இனிமே திருப்பக்கூடாதாம். முட்டையயும் திருப்பாதீங்க. எம்புள்ளயயும் திருப்பாதீங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

விளக்கு ஆடாமல் எரிந்தது. பெட்டிக்கு அடியில் கோழி கேறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நாள் காலையில் முட்டைகள் திரும்பவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, கீறல் வைத்த இடத்திலேயே இருக்கக் கண்டதும் மீனம்மாவுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள்கூடக் கேட்டன. ராசம்மா வந்து மறுபடி எண்ணெய் தடவி, தலை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பங்களாவுக்கு நுவரெலியாவிலிருந்து விருந்தாட்கள். ஆண்டியப்பன் இருட்டிய பிறகுதான் வருவான். எதற்கும் இருக்கட்டும் என்று கொச்சக்கயிறு எடுத்துப் பெட்டியைச் சுற்றி மூன்று கட்டுக் கட்டினாள். முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டாள். பிறகு சுவரோரமாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் பனி இறங்கியது. மலையில் சத்தம் அடங்கியது. தகரக் கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக நீர் வாளியில் விழுந்தது. லாம்புத்திரி லேசாகப் படபடத்தது. பெட்டிக்குள் குஞ்சுகள், வெளியே வராத குஞ்சுகள், ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டிருந்தன.

கோழி கேறுவதை நிறுத்தியது.

மீனம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடினால் காது கூர்மையாகிறது. கயிறு அசையவில்லை. மூடி திறக்கவில்லை. ஆனால் உள்ளே, பலகையின்மேல், ஒரு முட்டை உருண்டது. கடகடவென்று இல்லை. பழகின கை திருப்புகிற சத்தம். நின்றது. அடுத்தது உருண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒவ்வொன்று திரும்பும்போதும் அதற்குள்ளிருந்த கீச்சுக் குரல் நின்றுபோயிற்று.

"வேணாங்க்கா," என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "பதினெட்டு முடிஞ்சிருச்சுக்கா."

பத்து. பதினொன்று. வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிள்ளை அசையவில்லை. இருபது. இன்னும் அசையவில்லை. தலை அங்கேயே நின்றது. இருபத்துமூன்று.

இருபத்துநான்கு.

அத்தோடு நின்றது. காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை. வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. மீனம்மா மூச்சை விட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. முட்டையோடு போகட்டும். எல்லா முட்டையும் போகட்டும். தாயே, எல்லாம் போகட்டும்.

கோழி பெட்டிக்கடியிலிருந்து வெளியே வந்தது. பாயருகே வந்து நின்றது. அவளைக் கொத்தவில்லை. அவள் தலைக்குமேல், ஆள் உயரத்தில், எதையோ பார்த்தது. கழுத்தைத் தாழ்த்தியது.

மண்ணெண்ணெய் வாடை. மஞ்சள் வாடை. பெட்டிக்குள் இருக்கிற அதே வெதுவெதுப்பு.

வலப்பக்க வயிற்றில் ஏதோ அரித்தது. சேலையை விலக்கிப் பார்த்தாள். காலையில் ராசம்மா எண்ணெய் தடவியபோது அங்கே ஒன்றுமில்லை. இப்போது இருந்தது. கரி. குறுக்கு மறுக்காக இரண்டு கீறல்.

"அக்கா..."

ஒரு கை வயிற்றுக்கு அடியில் நுழைந்தது. இன்னொன்று மேலே படிந்தது. கதகதப்பான கைகள். பொறுமையான கைகள். ஆசையான கைகள்.

மீனம்மா அசையவில்லை. பாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கீறல் இருந்த பக்கம் மெல்ல மெல்லக் கீழே போயிற்று.