வெட்டுப்பட்ட வசனம்

திரையில் அந்த இளைஞன் குற்றவாளிக் கூண்டில் நின்று வாயைத் திறந்தான்... சத்தம் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. தணிக்கைச் சபை அவனுடைய வசனம் முழுவதையும் வெட்டியிருந்தது.

குருநகர் மண்டபமே அமைதியாக இருந்தது. ஜெசிதாவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. சட்டத்தரணியின் வாய் அல்லவா...

"கனம் நீதவான் அவர்களே, வழக்கைத் தள்ளித் தள்ளித் தவணை தந்து தந்தே என்னைக் கிழவனாக்கிப் போட்டியள்."

அந்த உதட்டசைவுக்கு ஏற்ப முணுமுணுப்பாகச் சொன்னதுதான். ஆனாலும் முன்வரிசை வரை சிரிப்புப் பரவியது. பக்கத்துக் கதிரையில் இருந்தவன் திரும்பினான். திரையின் வெளிச்சம் ஏறி இறங்கிய கண்கள்... கோபமா, வியப்பா?

"நான் எழுதினது உது இல்லை," என்றான். "ஆனா உதுவும் நல்லாத்தான் இருக்கு."

படத்தை எடுத்த டிலக்ஷன்! அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

படம் முடிய, வெளியே நல்ல மழை. இருவரும் ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா உங்கடை நீதவான் சுத்தியல் தட்டுறார். எங்கடை கோட்டிலை ஆர் சுத்தியல் தட்டுறது? தச்சுவேலையோ நடக்குது?"

அவன் சிரித்துவிட்டான். இமையில் மழைத்துளியோடு அவன் சிரித்த சிரிப்பு அவளை என்னவோ செய்தது. அவசரமாகச் சொன்னாள்:

"வெட்டினதை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். நான் எழுதித் தாறன்."

சிரிப்பு மறைந்தது. "படம் பிழையெண்டும் சொல்லுறியள், இரக்கமும் படுறியள். எனக்கு உது வேண்டாம்."

மழைக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் ஊரான சண்டிலிப்பாய்ப் பக்கம் போய்விட்டான்.

சரியான திமிர் பிடித்தவன்... ஆனால் அந்தக் கண்கள்...

அடுத்த வாரம் அவள் நீதிமன்றத்தில் எழுந்து நின்றபோது, பார்வையாளர் இருக்கும் கடைசி வாங்கில் அவன் இருந்தான். வழக்கு முடியாமலே ஆண்டுக்கணக்காக விளக்கமறியல் சிறையில் கிடக்கும் ஒரு பெடியனுக்காக அவள் வாதாடினாள். சாட்சி இல்லை, குற்றப்பத்திரம் இல்லை. பொலிஸார் மறுபடியும் காலம் கேட்டார்கள். மறுபடியும் தவணை.

பெடியனின் தாயைத் தேற்றி அனுப்பிவிட்டு, விறாந்தை மூலையில் நின்று கண்ணைத் துடைத்தாள். ஒரு கை பிளேன்ரீக் கோப்பையை நீட்டியது.

"உண்மையான கோட்டைப் பாக்க வந்தனான். நான்தான் படத்தைப் பிழையா எடுத்திட்டன்," என்றான் டிலக்ஷன். "சுத்தியல் சத்தமே இல்லாமல்தான் ஒருத்தன்ரை வயசைத் தின்னுறாங்கள்... அண்டைக்கு ரோசத்திலை கதைச்சுப்போட்டன். எழுதித் தருவியளோ?"

எழுதினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை, பிறகு சிரிப்பு. மேன்முறையீடு கொழும்புக்குப் போன பிறகும் அவன் வந்துகொண்டே இருந்தான், ஏதாவது சாட்டோடு.

ஒருநாள் நனைந்தபடி நீதிமன்ற வாசலுக்கு ஓடி வந்தான்.

"திருப்பித் தந்திட்டினம் ஜெசிதா! முழு வசனமும்."

அவள் துள்ளி அவன் கையைப் பிடித்தாள்... பிறகு சட்டென்று விட்டாள்.

"நல்லது. இனி அந்தப் பெடியன்ரை வழக்கைப் பாக்கவேணும். நீங்கள் இஞ்சை வரத் தேவையிருக்காது," என்றாள், அவனைப் பாராமல்.

"தேவைக்கோ வந்தனான்? இவ்வளவு நாளும் விளங்கேல்லையோ?"

விளங்கியது. கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. என்னை விரும்புறியளோ?"

"கொஞ்சம் விளக்கமாச் சொல்லலாமோ?"

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி."

"ஓம்," என்றான். "இனி நான் ஒரு கேள்வி கேக்கலாமோ?"

"கேக்க வேண்டாம்..." அவள் தலை குனிந்தது. "எனக்கும் ஓம்தான்."